டபுள் பேஸில் குடல் நரம்பு: வில் வாசிப்பவரின் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பிவிடலாம். ஆர்கெஸ்ட்ராவில் பெரும்பாலும் வில் போட்டு வாசிக்கிற என் டபுள் பேஸில் (வயலின் மாதிரியே இருக்கிற, ஆனால் ஆளுயரத்துக்கு நிற்கிற அடி ஓசை வாத்தியம்) ஸ்டீல் கம்பிகளைக் கழற்றிவிட்டுக் குடல் நரம்பு மாட்டியிருக்கிறேன். அதன் நாலு கம்பிகளில், மேல் சுரத்திலிருந்து கீழாக, ஜி, டி இரண்டும் வெறும் நரம்பு, ஏ, ஈ இரண்டும் உலோகக் கம்பி சுற்றிய நரம்பு. ஜி, டி பிரமாதம். ஏ பரவாயில்லை. ஈ தலைவலி. இருந்தாலும் கழற்றுகிற எண்ணம் இல்லை. ஆனால் யாராவது வந்து "வாங்கலாமா?" என்று கேட்டால், உடனே ஆமாம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள், யாரோடு உட்கார்ந்து வாசிக்கிறீர்கள், நாலு வரி வாசிப்பதற்கு ஒருமுறை சுதி பார்க்கிற பொறுமை இருக்கிறதா என்று நானும் கொஞ்சம் கேள்வி கேட்பேன்.

எந்த நிறுவனத்தின் நரம்பு என்பதற்குள் போகவில்லை. இங்கே நான் பாராட்டுவதும் திட்டுவதும் எல்லாம் நரம்பு என்கிற பொருளின் குணம், லேபிளின் குணம் இல்லை. பிராஸ்ட்ரோ நிறுவனத்தின் கோர்டா, யூடோக்சா, ஓலிவ் என்று பழைய பெயர்கள் இருக்கின்றன. ஆக்விலா, கேமட் என்று பழைய முறையில் நரம்பு முறுக்கித் தருபவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான்.

இது என்ன பொருள் என்று தெரியாதவர்களுக்கு மட்டும்: ஆட்டின் குடலோ மாட்டின் குடலோதான். பூனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடலைச் சுத்தம் செய்து, காரக் கரைசலில் ஊறவைத்து, கொழுப்பும் சதையும் போகச் சுரண்டி, ஈரமாக இருக்கும்போதே பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, பிறகு தேய்த்து மெருகேற்றுகிறார்கள். விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம், அவர்களுக்கு என்ன வழி என்று பின்னால் சொல்கிறேன்.

கணக்கு ஒன்றைச் சொல்லிவிட்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். நரம்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.3 கிராம், ஸ்டீல் 7.8. அதனால் ஒரே சுரத்துக்கு ஒரே அளவு விறைப்போடு நிற்க, நரம்பு ரொம்பத் தடிமனாக இருக்க வேண்டும். ஜி, அதாவது 98 ஹெர்ட்ஸ், 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெறும் நரம்பில் வருகிறது என்று வையுங்கள். சுமார் 105 செ.மீ. நீளமுள்ள பேஸில் அதன் இழுவிசை 25 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். அதே இழுவிசையில் ஏ சுரத்துக்கு 4.3 மி.மீ. வேண்டும். 41 ஹெர்ட்ஸில் இருக்கிற ஈ சுரத்துக்கு 5.7 மி.மீ. வேண்டும். இவ்வளவு தடித்த ஒன்றை வில்லால் அதிரவைத்து, அதில் தெளிவான சுரத்தையும் எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? அதனால்தான் கீழே இருக்கிற இரண்டிலும் நரம்பின் மேல் உலோகத்தைச் சுற்றி எடையைக் கூட்டுகிறார்கள். இந்த உத்தி 1660களிலேயே வந்துவிட்டது, புதுசு ஒன்றும் இல்லை.

அடுத்து, எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு விஷயம்: நரம்பின் ஓசை "வெதுவெதுப்பானது", "இருண்டது", "மென்மையானது". இதை நம்பி வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அந்தப் பெயர் விரலால் மீட்டி வாசிப்பவர்கள் கொடுத்தது. பிட்சிகாடோவில் அது உண்மைதான். நரம்புக்குள்ளேயே அதிர்வு சீக்கிரம் தேய்ந்துவிடும், அதிலும் மேற்சுரங்கள் முதலில் போய்விடும், மிச்சம் நிற்பது தடித்த, குட்டையான, உருண்டையான ஒரு ஓசை. ஆனால் வில் போடும்போது கதையே வேறு. ஒவ்வொரு அதிர்வுக்கும் வில் திரும்பத் திரும்ப உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, தேய்ந்துபோக விடுவதில்லை. அதனால் வெறும் நரம்பில் வில் வைத்தால், பக்கத்தில் நின்று கேட்பவருக்கு வருவது மென்மை இல்லை, சொரசொரப்பு. தாளில் பென்சிலால் எழுதுவதற்கும் கண்ணாடிமேல் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் நரம்புக்கும் ஸ்டீலுக்கும். காதுக்குப் பக்கத்தில் கேட்கிற அந்தச் சரசரப்பு முதலில் கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருக்கும். பத்து வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்து கேட்டால்தான் அது எதற்கு உதவுகிறது என்று தெரியும்.

அது உதவுவது சுரத்தின் ஆரம்பத்துக்கு. நான் இந்த நரம்புகளை விடாமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணமும் அதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பேஸின் அடி ஈ ஒரு தடவை அதிர 24 மில்லி விநாடி ஆகிறது. வில் வைத்த உடனே கம்பி ஒழுங்கான அதிர்வுக்கு வந்துவிடாது. முதல் சில சுற்றுகள் தாறுமாறாகத்தான் இருக்கும், அப்புறம்தான் வில்லின் முடி பிடிப்பதும் விடுவதும் சீராகும். நாலு சுற்று தாறுமாறாகப் போனாலே 96 மில்லி விநாடி போய்விட்டது. இப்போது பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், நடுவே செல்லோவும் பேஸும் தனியாகப் பாய்ந்து ஓடுகிற அந்த இடம். பீத்தோவன் போட்டிருக்கிற மெட்ரோனோம் குறி 96, அதாவது நிமிடத்துக்கு 96 பார் (ஒரு தாளச் சுற்று). பாருக்கு ஆறு குவேவர், அதாவது ஆறு குட்டைச் சுரம். கணக்குப் போட்டால் ஒரு குவேவருக்கு 104 மில்லி விநாடி. அதாவது அடி சுரங்களில், கம்பி ஒழுங்குக்கு வருவதற்குள் சுரமே முடிந்து அடுத்தது வந்துவிடுகிறது. அந்த இடத்தில் எத்தனையோ ஆர்கெஸ்ட்ராக்களில் பேஸ் வெறும் உறுமலாகக் கேட்பதற்கு வாசிப்பவர்களின் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் இல்லை.

நரம்பு இந்த இடத்தில் செய்வது என்னவென்றால், ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் "த்" என்று ஒரு மெய்யெழுத்தை வைக்கிறது. முடி நரம்பைக் கவ்வுகிற சத்தம் அது. அதற்கென்று சுருதி கிடையாது, ஆனால் நேரம் துல்லியமாக இருக்கிறது. காது அந்த "த்"-ஐப் பிடித்துக்கொண்டு, சுரத்தைச் செல்லோவிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஸ்டீலிலும் இதைச் செய்யலாம், நல்ல வாசிப்பாளர்கள் செய்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னாலேயே வில்லை ஊன்றி, கடித்து, விட்டு என்று வலுக்கட்டாயமாகச் செய்ய வேண்டும். நரம்பில் வில்லை வைத்தாலே போதும், அது தானாக வருகிறது. இந்த இசை எழுதப்பட்ட 1808-இல் பேஸில் இருந்தது நரம்புதான் என்பது ஞாபகத்துக்கு வரும்போது, பீத்தோவன் வாசிக்க முடியாததை எழுதிவிட்டார் என்கிற பழைய புலம்பல் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகவே இருக்கிறது. (முழுக்க இல்லை. அவர் உண்மையிலேயே வாசிக்க முடியாததையும் எழுதியிருக்கிறார்.)

இதில் ஒரு வேடிக்கை. ஸ்டீல் வரிசைக்கு நடுவில் நான் ஒருவன் மட்டும் நரம்போடு உட்கார்ந்தபோது, பக்கத்து ஸ்டாண்டில் இருந்தவர் "நீங்க ஒரு நூல் முன்னாடி வர்றீங்க சார்" என்றார். முன்னாடி வரவில்லை. ஒலிப்பதிவில் பார்த்தபோது வில் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கிறது. என் சுரம் மட்டும் உடனே கேட்டது, மற்றவர்களுடையது கொஞ்சம் தாமதமாக மலர்ந்தது. ஆறு பேர் உள்ள வரிசையில் ஒருவருக்கு மட்டும் நரம்பு இருந்தால் இது தொந்தரவுதான். கண்டக்டர் கேட்கிற காதோடு இருந்தால் முகத்தைச் சுளிப்பார். இரண்டு பேருக்கு இருந்தால் வரிசை முழுக்கவே தெளிவாகிறது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நரம்பு இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய வாத்தியங்களில் வாசிக்கிற குழுக்களைக் கேளுங்கள். 1953-இல் தொடங்கிய கொன்சென்டுஸ் மியூசிகுஸ் வியன், 1986-இல் தொடங்கிய ஆர்கெஸ்ட்ரா ஆஃப் தி ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட், இவற்றின் பதிவுகளில் பேஸ் வரிசை சத்தமாக இருப்பதில்லை, ஆனால் என்ன வாசிக்கிறது என்று புரிகிறது.

வில் கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஸ்டீலில் பழகிய கை கனத்தை இறக்கி ஓசையை வாங்கப் பார்க்கும். வெறும் நரம்பில் கனத்தை இறக்கினால் ஓசை உடைந்து கரகரக்கும், அவ்வளவுதான். இங்கே ஓசை வேகத்தில் இருக்கிறது. வில்லை நீளமாக, லேசாக, கொஞ்சம் தாராளமாக ஓட்ட வேண்டும். ஸ்டீலில் அரை வில்லில் முடிகிற ஒரு நீண்ட சுரத்துக்கு இங்கே முழு வில்லும் போதாமல், நடுவில் சத்தமில்லாமல் திருப்ப வேண்டியிருக்கும். நீண்ட, அசையாத, மெல்லிய பியானிஸ்ஸிமோ சுரங்களை நிறைய வாசிப்பவர்களுக்கு இது எரிச்சலைத் தரும். மாறாக, குட்டைச் சுரங்களில், அடித்துத் துள்ளுகிற வில்லில், நரம்பு தானே வேலையைச் செய்துகொடுக்கிறது. துள்ளல் ஸ்டீலில் வருவதைவிடக் கீழே, மெதுவாக வரும், அந்த வேகத்துக்குக் கை பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

வில்லின் முடியில் தடவுகிற பிசினான ரோசின் விஷயத்தில் ஆளுக்கொரு வேதம் வைத்திருக்கிறார்கள். நான் கண்டது இது: ஸ்டீலுக்கு நன்றாக இருந்த ஒட்டலான, மெழுகு மாதிரி இளகுகிற ரோசின் வெறும் நரம்பில் முறுக்குகளின் இடைவெளியில் போய் அடைத்துக்கொள்கிறது. கொஞ்சம் கெட்டியான ரோசின், அதையும் குறைவாக. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். ஸ்டீலைத் துடைக்கிற பழக்கத்தில் ஸ்பிரிட்டை எடுத்துவிடாதீர்கள், நரம்பு வறண்டு இழை பிரிந்துவிடும்.

சரி, ஈ-க்கு வருவோம். சுற்று நரம்பில் இருக்கிற சிக்கல் என்னவென்றால், அது இரண்டு வேறு பொருள். உள்ளே இருக்கிற நரம்பு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வறண்டால் சுருங்கும். மேலே சுற்றியிருக்கிற உலோகத்துக்கு அந்தக் கவலை கிடையாது. வறண்ட காலத்தில் உள்நரம்பு சுருங்கி, மேல்சுற்று தளர்ந்து, குறிப்பிட்ட சில சுரங்களில் மட்டும் "ஜ்ஜ்" என்று ஒரு சலசலப்பு. வாத்தியத்தில் எங்கோ ஒட்டு விட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கம்பியின் மேல் விரலை வைத்துத் தடவினால் சுற்று லேசாக நகர்வது தெரியும். ஈரமான காலம் வந்தால் தானே சரியாகிவிடும், அதுவரை பலமாக வாசிக்கிற ஒவ்வொரு ஃபோர்ட்டே சுரத்திலும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சத்தத்திலும் ஈ பின்தங்குகிறது. மேல் இரண்டும் பேசுகிற வேகத்துக்கு ஈ பேசுவதில்லை. ஏ-யிலிருந்து ஈ-க்கு இறங்குகிற ஒவ்வொரு தடவையும் வில்லைக் கொஞ்சம் முன்னாலேயே தயார் செய்ய வேண்டியிருக்கிறது. இது இன்றைக்கு வந்த பிரச்சினை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் மூன்று நரம்பு பேஸ்தான் பரவலாக இருந்தது. அந்தக் காலத்துப் பெரிய பேஸ் கலைஞர்களான டிராகொனெட்டி, போட்டெசினி இருவருமே வாசித்தது மூன்று நரம்பில்தான். ஈ அங்கே கிடையவே கிடையாது. சுற்று ஈ வேலை செய்கிற விதத்தைப் பார்த்தபிறகு, அவர்கள் அதை விட்டுவிட்டதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. 1887-இல் வெளிவந்த வெர்தியின் ஒத்தெல்லோ ஆபெராவில், நாலாம் அங்கத்தில் ஒத்தெல்லோ படுக்கையறைக்குள் நுழைகிற இடத்தில் பேஸ்கள் மட்டும் மியூட் (ஓசையை அடக்குகிற துண்டு) போட்டுத் தனியாக வாசிக்கும். அதை நாலு நரம்பு உள்ள பேஸ்கள் மட்டும் வாசிக்க வேண்டும் என்று வெர்தி குறித்திருக்கிறார், காரணம் அது தொடங்குவதே அடி ஈ-யில். அந்த முதல் சுரத்தை என் சுற்று நரம்பில் நல்லபடியாகக் கொண்டுவருவது எனக்கு இன்னும் ஒரு சூதாட்டம்தான்.

ஈ கம்பியை நீளமாக்குகிற எக்ஸ்டென்ஷன் வைத்து அதற்கும் கீழே சி வரை போகிறவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். நீளமான நரம்பைத் தனியாகச் செய்யச் சொல்லி வாங்க வேண்டும், தடித்த நரம்பு அங்கே இருக்கிற பள்ளத்திலும் சக்கரத்திலும் உட்காராமல் அடம்பிடிக்கும். அந்த அமைப்பை வைத்திருப்பவர்கள் ஈ-யை மட்டும் ஸ்டீலிலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம் என்பேன், பார்க்க ஒட்டாமல் இருந்தாலும் பரவாயில்லை.

சுதி. இதைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள், பயமுறுத்துவது நியாயம்தான். புதிதாக மாட்டிய நரம்பு முதல் சில நாட்கள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், மாட்டிய வாரத்தில் கச்சேரி இருந்தால் வைத்துக்கொள்ளவே வேண்டாம். அது அடங்கிய பிறகும், அரங்கத்தில் விளக்கு எரிந்து, ஆட்கள் நிரம்பி, காற்று மாறினால் நரம்பு நகரும். அதிலும் கொடுமை, நாலும் ஒரே மாதிரி நகராது. வெறும் நரம்பு ஒரு பக்கம் போகும், சுற்று நரம்பு தன் போக்கில் இருக்கும். அதனால் ஜி-ஐப் பார்த்துவிட்டு மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்க முடியாது. இதன் பின்விளைவு ஒன்று நல்லது: விரல் வைக்காமல் வாசிக்கிற சுரங்களை நம்புவதை விட்டுவிடுவீர்கள். டி வேண்டிய இடத்தில் ஏ நரம்பில் விரல் வைத்து வாசிக்கலாம், நடுவில் நகர்ந்துவிட்டாலும் விரலால் சரிசெய்துகொள்ளலாம். மெதுவான பகுதிகளில் இது எனக்கு வழக்கமே ஆகிவிட்டது.

சுதியின் உயரமும் கணக்கில் வரும். நடு ஏ சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைத்து வாசிக்கிற பரோக் (பழைய இசை) குழுவுக்கும் 440-இல் வாசிக்கிற சிம்பொனிக்கும் ஒரே நரம்பைப் பயன்படுத்தினால், கீழே இறக்கும்போது இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைந்துவிடும். மெல்லிய நரம்பாக இருந்தால் அங்கே தொளதொளவென்று ஆகிவிடும். வாங்கும்போதே எந்தச் சுதிக்கு என்று முடிவு செய்துகொண்டு தடிமனைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் என்றால், 440-இல் லேசாக முரண்டு பிடிக்கிற தடிமனே மேல்.

வாத்தியத்தில் செய்ய வேண்டிய மாற்றங்களை ஒரு நல்ல ரிப்பேர்காரரிடம் விட்டுவிடுங்கள், இது கத்தரிக்கோலும் யூடியூபும் வைத்துச் செய்கிற வேலை இல்லை. கம்பியை மேலும் கீழும் தாங்குகிற நட்டிலும் பிரிட்ஜிலும் உள்ள பள்ளங்கள் ஸ்டீலுக்காக வெட்டியவை, நரம்பு அதில் உட்காராது, உட்கார்ந்தாலும் சிக்கிக்கொண்டு சுதி சேர்க்கும்போது "டக்" என்று தாவும். பள்ளத்தை அகலப்படுத்தி, பென்சில் கரியைத் தடவி வைக்க வேண்டும். முறுக்காணியில் இருக்கிற துளை சில வாத்தியங்களில் பெரிதாக்கப்பட வேண்டியிருக்கும். வெறும் நரம்பின் அடி முனையில் சிலவற்றுக்கு உருண்டை இருக்காது, முடிச்சுப் போட்டுத்தான் டெயில்பீஸில் மாட்ட வேண்டும். அந்த முடிச்சு துளை வழியாக நழுவிவராமல் இருக்கச் சின்னதாக ஒரு தோல் துண்டைக் கோத்துக்கொள்ளலாம். பிறகு உயரம்: நரம்பு அகலமாக ஆடுகிறது, அதனால் விரல் வைக்கிற பலகையான ஃபிங்கர்போர்டின் கடைசியில் ஸ்டீல் ஜி-க்கு 5, 6 மி.மீ. போதும் என்றால் நரம்பு ஜி-க்கு 8 மி.மீ.க்கு மேல் தேவைப்படும். இல்லையென்றால் பலமாக வில் போடும்போது போர்டில் அடித்துப் படபடக்கும். உயரம் கூடினால் இடது கைக்கு வேலை கூடுமே என்று பயப்பட வேண்டாம், இழுவிசை குறைவு என்பதால் ஓரளவு சமன் ஆகிவிடும். ஆனால் கட்டைவிரலைப் போர்டின் மேலே கொண்டுவந்து மேல் ஸ்தாயியில் வாசிக்கிற இடங்களில் உயரம் நன்றாகவே உறைக்கும், தடிமனும் வழவழப்பின்மையும் சேர்ந்து கை சறுக்கிப் போகிற சுகம் போய்விடும். தனி வாசிப்புக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நரம்பு வந்ததும் மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. கொஞ்ச நீளத்தை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, யாரையாவது நடுவில் சுண்டச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், நல்ல நரம்பு நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூர்ந்த ஒரே சீரான உருவமாக மங்கித் தெரியும். சீரில்லாத நரம்பு அந்த மங்கலுக்குள் இன்னொரு கோடு ஆடுவதாகக் காட்டும். அந்த மாதிரி நரம்பை மாட்டினால், பாதி நீளத்தில் மேலோட்டமாகத் தொட்டு வாசிக்கிற ஹார்மோனிக்கும் அதே இடத்தில் அழுத்தி வாசிக்கிற சுரமும் ஒன்றோடு ஒன்று சேராது. கைவேலைப் பொருள் என்பதால் இது நடக்கத்தான் செய்யும். நான் வாங்கியதில் ஒரு டி இப்படித்தான் இருந்தது. கடையில் மாற்றித் தந்தார்கள், ஆனால் "நரம்புன்னா அப்படித்தான் இருக்கும்" என்கிற பிரசங்கத்தை முழுக்கக் கேட்டபிறகுதான்.

பராமரிப்பு பெரிய விஷயம் இல்லை. ஜி நரம்பில் விரல் அதிகம் படுகிற இடங்களில் கொஞ்ச நாளில் சின்னச் சின்ன மயிரிழைகள் கிளம்பும். பார்த்ததும் கை பரபரக்கும், பிடித்து இழுத்துவிடாதீர்கள், இழுத்தால் அந்த இழை முறுக்கோடு சேர்ந்து நீளமாகக் கிழிந்துகொண்டே போகும். நகவெட்டியால் அடியோடு கத்தரித்துவிட வேண்டும். வார்னிஷ் போடாத நரம்பாக இருந்தால் எப்போதாவது ஒரு சொட்டு பாதாம் எண்ணெயைத் துணியில் எடுத்து, வில் படாத இடங்களில் மட்டும் தடவலாம். வில் படுகிற இடத்தில் எண்ணெய் பட்டால் அங்கே ஓசையே வராது, வழுக்கிக்கொண்டு போகும். தடித்த நரம்பு என்பதால் வயலினில் போவதைப் போல அடிக்கடி அறுந்துபோவதில்லை. விலை ஸ்டீலைவிடக் கூடுதல், ஆனால் ஜி, டி நீண்ட நாள் வருகிறது என்பதால் அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

எந்த இசைக்கு ஒத்துவருகிறது என்று கேட்டால், ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன், மெண்டல்சன் வரை கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பிராம்ஸில் கூட நன்றாகத்தான் இருக்கிறது, நீண்ட ஈ சுரங்கள் தவிர. மாலரின் முதல் சிம்பொனியில் மூன்றாம் பகுதி பேஸின் தனி வாசிப்போடு தொடங்கும், மியூட் போட்டு, டி மைனரில், பின்னால் டிம்பனி மட்டும். அது 1889-இல் அரங்கேறியது, அப்போதும் நரம்புதான். அந்த வரியை ஸ்டீலில் வாசித்தால் செல்லோவின் சாயல் வந்துவிடுகிறது. நரம்பில் வாசித்தால் கொஞ்சம் தொண்டை கட்டின, பாடத் தெரியாதவன் பாடுகிற மாதிரி வருகிறது, மாலருக்கு வேண்டியதும் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. ஆர்கெஸ்ட்ராவில் சேருகிற தேர்வுக்காக வாசிப்பவர்கள் இந்தக் கருத்தை வைத்து விளையாட வேண்டாம், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சுத்தமான சுரத்தைத்தான் தேடுவார்கள்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டால் எனக்கே தயக்கம்தான். பித்தளை வாத்தியங்கள் முழு மூச்சில் ஊதும்போது கீழே தாங்கிப் பிடிக்கிற தொடர்ச்சியான சத்தம் நரம்பில் குறைவு. 1950, 60களில் பேஸ் வரிசைகள் ஸ்டீலுக்குத் தாவியது சும்மா இல்லை. சுதி நிற்கிறது, சத்தம் நீள்கிறது, உயரம் குறைகிறது, மேல் ஸ்தாயி சுலபமாகிறது. அந்தக் காரணங்கள் எல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. நரம்பைப் புகழ்கிற ஆர்வத்தில் ஸ்டீலைக் கெட்ட வார்த்தை ஆக்குபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

நடுவழி வேண்டும் என்றால் இருக்கிறது. நாலுமே உலோகம் சுற்றிய, உள்ளே நரம்பு உள்ள செட்டுகளில் சொரசொரப்பு குறைவு, ஸ்டீல் வரிசையோடு கலந்துபோகும், ஆனால் அந்த "த்"தும் பாதிதான் மிஞ்சும், ஈரக் காற்றின் தொல்லை மட்டும் முழுசாக இருக்கும். எனக்கு இது இரண்டுங்கெட்டான். விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்களுக்கு நைலான் வகையும், நரம்பின் அடர்த்தியை ஒட்டிச் செய்த செயற்கை இழைகளும் கிடைக்கின்றன. விரலால் மீட்டினால் பல சமயம் நிஜ நரம்போ என்று தோன்றும். வில்லுக்கு மட்டும் சில வகைகள் வழுக்கும், ரோசின் பிடிக்காது, வாங்குவதற்கு முன் யாருடைய வாத்தியத்திலாவது வில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தொடங்குபவர்கள் நாலையும் ஒரேயடியாக மாற்ற வேண்டியதில்லை. ஜி, டி இரண்டை மட்டும் வெறும் நரம்பாகப் போட்டு, ஏ, ஈ-யை இழுவிசை குறைந்த மென்மையான ஸ்டீலில் விட்டுப் பாருங்கள். டி-க்கும் ஏ-க்கும் நடுவில் குரல் மாறுவது கேட்கும், வரிசைக்குள் உட்கார்ந்து வாசிக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. பிரிட்ஜைப் புதிதாகச் செய்யச் சொல்லிவிட்டு, பழைய பிரிட்ஜைத் தொடாமல் எடுத்து வையுங்கள். நரம்பு பிடிக்காவிட்டால் அதை மாட்டி ஸ்டீலுக்குத் திரும்பிக்கொள்ளலாம். பிடித்துவிட்டால் கூடுதலாக ஒரு ஜி வாங்கி, சில நாள் வாத்தியத்திலேயே மாட்டி இழுபட விட்டு, பிறகு கழற்றிப் பெரிய வளையமாகச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இழுபடாத புது நரம்பை இடைவேளையில் மாட்டிக்கொண்டு இரண்டாம் பாதிக்குப் போய் உட்காருவதைவிட, வாசிக்காமல் சும்மா இருப்பதே மேல்.